வெட்டியதைச் சொல்லுங்கள்

அக்டோபர் 1, 2021 அன்று 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடர் நெட்ஃபிளிக்ஸில் 16:9 விகிதத்தில் வந்தது. 4:3-க்கு மாற்றிக்கொள்ள வழி வைக்கவில்லை. 1997இல் ஒளிபரப்பான சாலைப்பள்ள எபிசோடில், சாவி விழுந்த பள்ளத்தைக் குனிந்து பார்க்கிறான் ஜார்ஜ். பள்ளம் ஃப்ரேமுக்குக் கீழே போய்விட்டது. நகைச்சுவையின் பாதி அந்தத் தரையில்தான் இருந்தது.

35 எம்எம் நெகட்டிவ் கையில் இருக்கிறது, பக்கவாட்டில் கூடுதல் படம் கிடைக்கிறது என்கிறார்கள். கிடைக்கட்டும். அந்த ஓரம் பார்வையாளருக்காக ஒளி அமைத்த இடமல்லவே. 2014இல் வந்த 'பஃபி' தொடரின் எச்டி பதிப்பில் விளக்குகளும் யூனிட் ஆட்களும் தெரிந்தது இப்படித்தான். பகலில் எடுத்து இரவாக கிரேடு செய்த ஷாட்கள் பகலாகவே வெளிவந்தது தனிக்கதை.

ஒழுங்காகச் செய்ய முடியாத வேலையில்லை இது. 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரை 2012 முதல் நெகட்டிவிலிருந்து மறுபடி கோத்து, 4:3-லேயே ப்ளூரேயில் தந்தார்கள். 'த வயர்' தொடரை அகலமாக்கியபோது அதை உருவாக்கிய டேவிட் சைமனே உடனிருந்தார். எங்கே லாபம், எங்கே நஷ்டம் என்று வெளிப்படையாக எழுதினார்.

நம் இதழ் நெடுநாளாகக் கேட்டுவருவது வேறொன்று: ஓர் அறிவிப்பு. வி.எச்.எஸ் காலத்தில் அகலத்திரைப் படத்தை 4:3-க்கு வெட்டினால், மூலத்திலிருந்து மாற்றப்பட்டது என்று தொடக்கத்தில் ஒரு கார்டு போட்டார்கள். 1988இல் அமெரிக்கா கொண்டுவந்த திரைப்படப் பாதுகாப்புச் சட்டம், தேசியப் பதிவேட்டில் உள்ள படத்தைக் கணிசமாக மாற்றினால் லேபிள் கட்டாயம் என்றது. 1992இல் அந்தக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சித் தொடர்களை அந்த ஏற்பாடு எட்டவேயில்லை. அன்று பக்கங்களை வெட்டியதற்கு அறிவிப்பு இருந்தது; இன்று 4:3 படத்தின் தலையையும் காலையும் வெட்டி, உயரத்தில் கால்வாசியைக்கூட எறிகிறார்கள், ஒரு வரி கிடையாது. 'ரீமாஸ்டர்டு' என்ற முத்திரைதான் உண்டு. அது ஏமாற்று.

'சிம்ப்சன்ஸ்' விஷயத்தில் பார்த்தோமே. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பரில் 30 சீசனும் ஒரே சீராக இருக்கட்டும் என்று வெட்டியது. டஃப் பீர்த் தொட்டிகள் மூன்றுக்கும் மேலே ஒரே குழாய்தான் என்ற ஜோக் மேல்விளிம்போடு போயிற்று. ரசிகர்கள் கூச்சல் போட்ட பிறகே, 2020 மே மாதம் 4:3 தேர்வு வந்தது. கூச்சல் போட ஆளில்லாத தொடர்களுக்கு யார் பொறுப்பு? சட்டம் இயற்றுபவர்களுக்கு அக்கறையில்லை, தர விதி எழுதுபவர்களுக்கு ரெசல்யூஷன் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை, உரிமையாளர்களோ நெகட்டிவையே படைப்பு என்கிறார்கள். வ்யூஃபைண்டரில் 4:3 கோடு பார்த்து ஃப்ரேம் வைத்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்கேனிங், கிரேடிங் மேசைகளில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாஸ்டரின் ஸ்லேட்டிலும் க்யூசி அறிக்கையிலும் மூல விகிதத்தையும், எந்தெந்த ஷாட்டில் என்ன வெட்டுப்பட்டது என்பதையும் எழுதிவையுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.