தைராய்டு ஆபரேஷன் செய்யப்போகிறீர்களா? முதலில் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள்!

'ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சு. தையலும் ஆறிடுச்சு. ஆனா, மாடியில இருக்குற பையனைக் கூப்பிட்டா சத்தமே எழும்பலை...'

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சிலரிடம் கேட்கிற புலம்பல் இது. 'கழுத்துல ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சமாதானம் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

குரல் ஏன் மாறுகிறது?

மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் செலுத்தும் டியூப் குரல் நாண்களை உரசும். அதனால் சில நாள்கள் குரல் கம்முவது சகஜம். அது தானாகவே சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது நரம்புகளை. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு, பக்கத்துக்கு ஒன்றாக, தைராய்டு சுரப்பியின் பின்புறத்தை ஒட்டியே செல்கிறது. அது இழுபட்டாலோ அடிபட்டாலோ, அந்தப் பக்க நாண் சரியாக அசையாது. இரண்டு நாண்களும் முழுதாகச் சேராததால் காற்று கசியும். குரல் கரகரக்கும், கொஞ்ச நேரம் பேசினாலே மூச்சு வாங்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். துண்டிக்கப்படாத நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டுவிடும். நிரந்தர பாதிப்பு 100 பேரில் ஓரிருவருக்குத்தான் வரும்.

பாடகிக்கு நடந்தது என்ன?

சுரப்பியின் மேல்முனையை ஒட்டி இன்னொரு மெல்லிய நரம்பு போகிறது. குரல் நாணை விறைப்பாக்கி, மேல்ஸ்தாயியை எட்ட வைப்பது இதுதான். இது பாதிக்கப்பட்டால் சாதாரணப் பேச்சில் அவ்வளவாகத் தெரியாது. பாடும்போதும், உரக்கக் கூப்பிடும்போதும்தான் தெரியும்.

இத்தாலியில் பிறந்த புகழ்பெற்ற ஆபரா பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சிக்கு, 1935-ல் சிகாகோவில் தைராய்டு கட்டி அகற்றப்பட்டது. அதில் இந்த நரம்பு அடிபட்டுத்தான் அவருடைய உச்சக்குரல் போனது என்று மருத்துவ உலகம் பல ஆண்டுகள் பேசிவந்தது. அந்த நரம்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால், 2001-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, அவருடைய குரல் ஆபரேஷனுக்கு முன்பே தளரத் தொடங்கியிருந்தது என்று வாதிட்டது.

இந்தக் கதை சொல்லும் பாடம் எளிது. முன்பு குரல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான், பின்பு வந்த மாற்றத்தை எடைபோட முடியும்.

எப்படிப் பரிசோதிக்கிறார்கள்?

* கரகரப்பு, காற்றுக் கசிவு, பலவீனம், இறுக்கம் ஆகியவற்றைக் காதால் கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள்.

* ஒரே மூச்சில் 'ஆ...' சொல்லச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு இது 10 விநாடிகூட நீடிக்காவிட்டால் கவனம் தேவை.

* குரலால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்று 10 கேள்விகள் கேட்பார்கள்.

* மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி, நாண்களின் அசைவைப் பார்ப்பார்கள்.

மேல்ஸ்தாயி நரம்பின் பாதிப்பு கேமராவில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதனால், குரல் மேலே ஏறவில்லை என்றால் அதைத் தனியாக டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன்பே போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். 1 முதல் 20 வரை எண்ணுங்கள். 'ஆ...' என்று நீட்டுங்கள். கீழிருந்து மேலாகக் குரலை ஏற்றுங்கள். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல ஒருமுறை உரக்கக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அதையே மறுபடி பதிவு செய்து, இரண்டையும் டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள். ஆபரேஷனுக்குப் பின் 2 வாரம் முதல் 2 மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது, அமெரிக்க காது - மூக்கு - தொண்டை மருத்துவர்கள் சங்கத்தின் 2013-ம் ஆண்டு வழிகாட்டி.

குரல் பயிற்சி, நாணுக்குள் போடும் ஊசி, தேவைப்பட்டால் சிறிய அறுவை சிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது சத்தம், கழுத்தில் திடீர் வீக்கம் ஆகியவை இருந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வகுப்பெடுக்கும் ஆசிரியைக்கும், கூவி விற்கும் பூக்காரம்மாவுக்கும் குரல்தான் பிழைப்பு. 'குரல்தானே' என்று விட்டுவிடாதீர்கள்!