பழைய அம்பாசடர் வாங்க ஆசையா? முதல்ல நாலு வயர் மாட்டக் கத்துக்கோங்க

கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய பெட்ரோல் அம்பாசடர் வாங்கணும்னு பலருக்கு ஆசை. தப்பே இல்ல. ஆனா ஸ்பார்க் ப்ளக் வயரைக் கழட்டிச் சரியா மாட்டத் தெரியாம அதை வாங்காதீங்க என்பதுதான் என் கருத்து.

காரணம் காசுதான். 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல 5,000 ரூபாயில இருந்து 10,000 ஆச்சு. சொந்தக் காரோட ரிப்பேர் பில்லை உங்க சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. சாதாரண மோட்டார் பாலிசியும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் தராது. ஆக, ஒவ்வொரு பில்லும் வரி கட்டின பிறகு மிஞ்சுற உங்க காசு.

தூத்துக்குடி மாதிரி கடலும் உப்பளமும் சூழ்ந்த ஊர்ல டிஸ்ட்ரிப்யூட்டர் கேப் முனைகள்ல சீக்கிரம் களிம்பு ஏறும். சுத்தம் பண்ண வயரைக் கழட்டித்தான் ஆகணும். திரும்ப மாட்டும்போது இடம் மாறினா இன்ஜின் குலுங்கும், கார்புரேட்டர் வழியா படார்னு வெடிக்கும், இல்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது. உடனே பயந்து காயில் மாத்துறோம், கார்புரேட்டரைப் பிரிக்கிறோம். பார்ட்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வரிசைதான் தப்பு.

அம்பாசடரோட 1489 சிசி பெட்ரோல் இன்ஜின்ல ரேடியேட்டர் பக்கம் இருக்கிறதுதான் 1-ஆம் சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. கேப்புக்குள்ள ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தும். அதனால கேப்லயும் அதே திசையில 1, 3, 4, 2ன்னு வயர் வரணும். பிரீமியர் பத்மினிக்கும் இதே ஆர்டர்தான், ஆனா ரோட்டார் சுத்துற திசையைப் பார்த்துட்டு மாட்டுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வயர்லயும் டேப் ஒட்டி நம்பர் எழுதுங்க. புது வயர் போடும்போது ஒண்ணைக் கழட்டி, மாட்டி, அப்புறம் அடுத்தது.

எல்லாத்தையும் மொத்தமா உருவியாச்சா? சாவியை எடுத்துட்டு, வண்டியை நியூட்ரல்ல வையுங்க. 1-ஆம் ப்ளக்கைக் கழட்டி, ஓட்டையை விரலால மூடி, இன்னொருத்தரை ஹேண்டிலை மெதுவா சுத்தச் சொல்லுங்க. உள்ளிருந்து காத்து விரலைத் தள்ளும். அப்புறம் டைமிங் குறி நேரா வர்ற இடத்துல நிறுத்தி கேப்பைத் திறங்க. ரோட்டார் காட்டுற முனைதான் 1. குறியை மட்டும் நம்பாதீங்க. 1-ஆம் சிலிண்டரோட ஒரு தீப்பொறிக்கு இன்ஜின் ரெண்டு சுத்து சுத்தும், அதுல ஒரு தடவை வர்ற குறி தப்பான குறி.

மெக்கானிக்கிட்டயே விட்டாலும் சரி, "அண்ணாச்சி, பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஃபயரிங் ஆர்டரைப் பார்த்துருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்றதுக்கு ஒரு பைசா செலவில்ல.