திருகாணியில் கைவைக்குமுன்

2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலையில், படகு எஞ்சினின் காபரேட்டரைத் திருகாணியால் குறுக்கி எண்ணெய் மிச்சம்பிடிக்கும் யோசனை கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் யாருக்கும் வரும். ஆனாலும் அது கெட்ட யோசனை. ஒயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் ஒயிலும் குறையும். சூடேறி பிஸ்டன் இறுகிவிடும், அதுவும் கரை தெரியாத தூரத்தில். எண்ணெய் அளவு சரியா என்று அறிய, எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவில் வைத்து முறுக்கிப் பார்ப்பது (இரைச்சல் என்னவோ கேட்க நல்லாத்தான் இருக்கும்) சோதனையே அல்ல. வலை, ஐஸ், ஆட்களோடு கடலில் முழு வேகத்தில் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மண்ணிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் எண்ணெய் போதாது. ஈரக் கறுப்பு என்றால் கூடிவிட்டது. நிறம் சரியில்லை என்றால் காபரேட்டரில் அடைபட்ட ஜெட்டை முதலில் கழுவுங்கள், திருகாணியைப் பிறகு தொடலாம்.