நிறம் வேறு, காரம் வேறு

வத்தல் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். "நல்ல சிவப்பு, காரமும் நன்றாக இருக்கும்" என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். வியாபாரிகளாகிய நாமும் மறுப்பதில்லை. இந்த மௌனம் நமக்கு நல்லதல்ல.

கர்நாடகத்துப் பியாடகி கருஞ்சிவப்பாகச் சுருங்கி இருக்கும். நிறம் அதிகம், காரம் குறைவு. ஆந்திரத்துத் தேஜா மெலிந்த காய். காரத்தில் மற்றவற்றை மிஞ்சும். குண்டூர் சன்னம் இரண்டுக்கும் நடுவே நிற்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது நமது இராமநாதபுரம் குண்டு மிளகாய். காரம் மிதம், தாளிதத்திற்கு ஏற்றது.

காரம் விதையில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். விதை ஒட்டியிருக்கும் உள் வெள்ளை நரம்பில்தான் அது மிகுதி. அதனால் முழு வத்தலைத் தாளித்தால் காரம் மெல்ல இறங்கும். கிள்ளிப் போட்டால் கூடும். பொடியாக்கினால் நரம்பும் தோலும் ஒன்றாகி உடனே ஏறும். ஆனால் பொடியின் நிறமும் மணமும் சீக்கிரம் குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் குண்டு கையிருப்பு இல்லாத வாரத்தில், கல்வராயன் மலையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தேஜாவை அனுப்பினோம், வகையைச் சொல்லவில்லை. வெள்ளிமலைப் பக்கத்து வீடுகளில் வழக்கமான எண்ணிக்கையில் கிள்ளிப் போட்டு, குழந்தைகள் சாப்பிட முடியாமல் சோற்றை ஒதுக்கினார்களாம். ஏச்சு வாங்கியவர் கடைக்காரர், தவறு எங்களுடையது. மூட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு வருடம் ஆயிற்று.

ஆகவே உறுப்பினர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். மொத்த வியாபாரி பட்டியலில் வகையை எழுதட்டும். சில்லறைக் கடைக்காரர் ஒவ்வொரு சாக்கிலும் பெயர் அட்டை வைக்கட்டும். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம். எடைக்காக ஈரக் காயை வாங்க வேண்டாம். ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, தாண்டினால் பூஞ்சணமும் வரும். பொடியைப் பொட்டலமிட்டே விற்க வேண்டும், சாயம் சேர்க்கவே கூடாது என்பதும் சட்டம். 2003இல் நம் நாட்டு மிளகாய்ப் பொடியில் சூடான் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, ஐரோப்பிய நாடுகள் கெடுபிடி விதித்ததை மறக்கலாகாது.

பெரிய நிறுவனங்களின் பாக்கெட்டு பேசாது. "சாம்பாருக்கு இது, ஊறுகாய்க்கு அது" என்று சொல்ல நம் கடையில்தான் ஆள் உண்டு. அந்த வாயைத் திறப்போம்; வாடிக்கை நிலைக்கும்.