ஏழாம் நம்பர் ரயிலைப் பிடி, நூடுல்ஸை அடி!

"சைனீஸ் சாப்பிடலாமா மச்சி?"ன்னு ஃப்ரெண்ட் கேட்டால் உங்க மனசுல என்ன ஓடும்? ஃப்ரைட் ரைஸ், ரத்தச் சிவப்புல சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன், பக்கத்துல வினிகர்ல ஊறின பச்சை மிளகாய். அந்த மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1970களில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் நம்ம ஊர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாஸையும் சோள மாவையும் சேர்த்துக் கட்டின கூட்டணி அது என்பார்கள். டேஸ்ட்டு சூப்பர்தான், குறை சொல்லலை. ஆனா அதை மட்டும் சாப்பிட்டுட்டு "சைனீஸ் எல்லாம் நமக்கு அத்துப்படி"ன்னு சொன்னா எப்படி இருக்கும் தெரியுமா? டெல்லியில ஒருத்தர் ரெண்டு இட்லியைத் தின்னுட்டு "மதராஸி சாப்பாடு முழுக்கத் தெரியும்"னு ஏப்பம் விடற மாதிரி இருக்கும். காரைக்குடிக்காரரும் நாகர்கோவில்காரரும் சேர்ந்தே சண்டைக்கு வருவாங்க இல்லே?

எம்.எஸ். படிக்க நியூயார்க் பக்கம் போகப் போறீங்களா? உங்களுக்குத்தான் இந்த வாரம். போகாதவங்களும் படிக்கலாம், காசா பணமா!

மன்ஹாட்டன்ல டைம்ஸ் ஸ்கொயர்ல ஏழாம் நம்பர் ரயில் ஏறுங்க. ஆற்றுக்கு அடியில புகுந்து, குவீன்ஸ் பக்கம் வந்ததும் மேலே ஏறி, வீட்டு மாடிகளை உரசற மாதிரி ஓடும். தூங்கினாலும் பயமில்லை. ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்தான் கடைசி ஸ்டேஷன். வெளியே வந்தா போர்டு எல்லாம் சீன எழுத்து.

அமெரிக்காவுக்கு முதல்ல போன சீனர்கள் பெரும்பாலும் தெற்கே குவாங்டாங் மாகாணத்துக்காரங்க. 1882ல சட்டம் போட்டே சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தாங்க. 1943ல அந்தச் சட்டம் போச்சு. ஆனா 1965ல குடியேற்றச் சட்டம் மாறின பிறகுதான் கதவு நல்லாத் திறந்தது. அதுவரைக்கும் அமெரிக்கர்களுக்குச் 'சைனீஸ்'னா அந்த ஒரு மாகாணத்துச் சமையலும், அதுல தங்க நாக்குக்கு ஏத்த மாதிரி சர்க்கரை சேர்த்ததும்தான். ஃப்ளஷிங்குக்கு தைவான்காரங்க வந்தாங்க. பிறகு சீனாவோட மற்ற மாகாணத்துக்காரங்க வந்தாங்க. ஒவ்வொருத்தரும் அவங்க ஊர் நூடுல்ஸையும் கூடவே கொண்டு வந்தாங்க.

முதல்ல ஒரு சின்ன ஜியாகிராஃபி. சீனாவை நடுவுல குறுக்கே பிரிக்கிற ச்சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. நூடுல்ஸும் கிட்டத்தட்ட அதே கோட்டுலதான் பிரியுது.

வடமேற்கே ஷான்ஷி மாகாணம், ஷியான் நகரம். அந்த ஊர்ல 'பியாங் பியாங்'னு ஒரு நூடுல்ஸ். பெல்ட் அகலம்! மாவை ரெண்டு கையாலும் பிடிச்சு மேஜை மேல அடிக்கிற சத்தம்தான் பேர். அந்தப் பேரை எழுதற சீன எழுத்துக்கு 50க்கும் மேல கோடு போடணும். கம்ப்யூட்டருக்கே அது 2020லதான், யூனிகோட் 13ஆம் பதிப்புல போய்ச் சேர்ந்தது. நம்ம 'ஔ'வுக்கு அழுதவங்க நினைச்சுப் பாருங்க! இதே ஷியான் சாப்பாட்டை டேவிட் ஷி என்பவர் 2005ல ஃப்ளஷிங்ல ஒரு மால் பேஸ்மென்ட்ல சின்னக் கடையா ஆரம்பிச்சார். அந்தோணி போர்டெய்ன் வந்து சாப்பிட்டுட்டு டி.வி.யில காட்ட, கடை பிச்சுக்கிட்டுப் போச்சு. பையன் ஜேசன் வாங் கைக்கு வந்து நகரம் முழுக்கக் கிளை விட்டது. சீரகமும் மிளகாயும் போட்ட ஆட்டுக்கறி நூடுல்ஸ்தான் அங்கே ஹீரோ. ஆமாம், சீரகம்! பட்டுப் பாதை வழியா வந்தது. முதல் வாய்லயே "இது நம்ம வீட்டு வாசனையாச்சே"ன்னு தோணும்.

சைவப் பார்ட்டிகளுக்கு அதே ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார், 'லியாங்பி'. செய்முறையைக் கேளுங்க. கோதுமை மாவைப் பிசைஞ்சு, தண்ணிக்குள்ள போட்டுக் கசக்கிக் கசக்கிப் பால் எடுக்கறாங்க. பாலைத் தெளிய வைக்கறாங்க. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லே? திருநெல்வேலி அல்வாவுக்கு எடுக்கற கோதுமைப் பால் கிட்டத்தட்ட அதேதான்! நாம சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டறோம். அவங்க தட்டுல மெல்லிசா ஊத்தி ஆவியில வேகவெச்சு, ரிப்பன் மாதிரி நறுக்கி, வினிகரும் மிளகாய் எண்ணெயும் போட்டு ஜில்லுன்னு தர்றாங்க. கசக்கின மாவுல மிஞ்சற பசையையும் விடறதில்லை. அதையும் வேகவெச்சு, பஞ்சு மாதிரி துண்டு போட்டு மேலே தூவிடறாங்க. மே மாச வெயிலுக்கு இதை யாராவது நம்ம ஊர்ல ஆரம்பிச்சா நான் முதல் கஸ்டமர்.

இன்னும் மேற்கே போனா லான்ஜோ. இங்கே மாவைக் கையாலேயே இழுக்கறாங்க. இழுத்து மடிச்சா ரெண்டு, மறுபடி நாலு, எட்டு... எட்டாவது தடவை 256 இழை. பரோட்டா மாஸ்டர் வீச்சைப் பார்த்து வளர்ந்த நமக்கே கண்ணு சொக்கும். தலைமுடி மாதிரி மெல்லிசு, பூண்டுத்தாள் மாதிரி, பட்டை அகலம்னு எது வேணும்னு சொன்னா அப்படியே இழுத்துத் தருவாங்க. தெளிஞ்ச சூப், வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ்னு அஞ்சு நிறமும் இருக்கணுங்கறது ரூல். ஹுய் முஸ்லிம்களோட சமையல், அதனால பன்றி கிடையாது. சூப் மாட்டெலும்புல. சாப்பிடறதும் விடறதும் உங்க இஷ்டம், தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

சிச்சுவானோட 'தான் தான்' நூடுல்ஸுக்குப் பேர் வந்தது தோள்ல காவடி மாதிரி தூக்கிட்டு வந்து வித்த கம்பால. அதுல ஒரு மிளகு வரும். காரம் இல்லை, உதடு 'விர்ர்'ருன்னு மரத்துப்போகும். லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2013ல அளந்து பார்த்து, அது நொடிக்கு 50 தடவை அதிர்ற மாதிரி உதட்டை ஏமாத்துதுன்னு சொன்னாங்க. அமெரிக்கா இந்த மிளகை இறக்குமதி பண்ண 1968லிருந்து 2005 வரை தடை போட்டிருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரவும்னு பயம்.

சாப்பாட்டுல ஒரு சின்னக் கசப்பு. நம்ம காம்பஸ்லேயே மணிப்பூர், நாகாலாந்து ஸ்டூடண்ட்ஸை "ஏய் நூடுல்ஸ்"னு கூப்பிட்டுச் சிரிக்கிற கூட்டம் இருக்கு. நீங்க சிரிக்காட்டியும், சும்மா பக்கத்துல நின்னிருப்பீங்க. ஃப்ளஷிங்ல நாலு பேர் சேர்ந்து உங்களை "ஏய் கறி"ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்னு அடுத்த தடவை ஒரு செகண்ட் யோசிங்க பாஸ்.

சரி, வயிறு என்ன சொல்லுது? சைவம்னா "வோ ச்சர் சூ"ன்னு சொல்லணும், 'நான் சைவம்'னு அர்த்தம். சொன்ன பிறகும் "சூப் எதுல போட்டது?"ன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க, முக்கால்வாசி எலும்புச் சாறா இருக்கும். ஒண்ணும் ஒத்துவரலைன்னா கவலையே வேண்டாம். அதே ஃப்ளஷிங்ல பௌன் தெருவுல பிள்ளையார் கோயில் இருக்கு. 1977ல கும்பாபிஷேகம் ஆனது. கீழே கேன்டீன்ல தோசை மணக்கும். லியாங்பிக்கும் தோசைக்கும் ஒரே நாள்ல நடந்தே போயிட்டு வரலாம்.

தெற்கே யுன்னானுக்கு வந்தா, எல்லாம் அரிசி. பிழிஞ்ச அரிசி நூடுல்ஸ், நம்ம இடியாப்பத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். 'பாலம் கடந்த நூடுல்ஸ்'னு பேர். பரீட்சைக்குப் படிக்கத் தீவுல போய் உட்கார்ந்த புருஷனுக்கு மனைவி தினமும் பாலம் தாண்டிச் சாப்பாடு கொண்டு போனாளாம், போறதுக்குள்ள ஆறிடுமாம். ஒரு நாள் கோழி சூப் மேல எண்ணெய் படலம் இருந்தா சூடு போகலைன்னு கண்டுபிடிச்சாளாம். அரியர் வெச்சிருக்கறவங்க வீட்டுல இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க! கடையில சூப் தனியா, மத்ததெல்லாம் சின்னச் சின்னத் தட்டுல தனியா வரும். முதல்ல பச்சைக் கறித்துண்டு, அப்புறம் காய், கடைசியா நூடுல்ஸ்னு நீங்களேதான் போட்டுக்கணும். அந்தச் சூட்டுலேயே வெந்துடும். சூப்புல ஆவியே வரலையேன்னு மட்டும் மடக்குன்னு குடிச்சிடாதீங்க, எண்ணெய்க்கு அடியில கொதிச்சுக்கிட்டிருக்கும்.