கம்பியில் வரும் எரிபொருள்

பெட்ரோலுக்கு மாற்றாக இன்று மின்சாரம், சி.என்.ஜி., எத்தனால், ஹைட்ரஜன் ஆகியவை பேசப்படுகின்றன. இவற்றில் எது உயர்ந்தது என்று பொதுவாக வாதிடுவதில் பயனில்லை. எந்த ஊருக்கு எது வந்து சேரும் என்றே கேட்க வேண்டும். உதாரணமாக, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டுக்கோ பொள்ளாச்சிக்கோ போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இங்கே முற்றத்தில் வண்டி நிறுத்த இடமுள்ள தனி வீடுகள் ஏராளம். எல்லா வீட்டுக்கும் மின் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்று கேரளம் 2017 மே மாதமே அறிவித்தது. மின்காருக்கு வேண்டியது கம்பி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கிறது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், ஏழு கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் ஆகும். லிட்டருக்கு பதினாறு கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு ஆறு ரூபாய்க்கு மேல்.

எத்தனாலை உழவனின் எரிபொருள் என்று கொண்டாடுகிறார்கள். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் அதில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதைவிடப் பெரிய சங்கதி தண்ணீர். எத்தனாலில் கணிசமான பகுதி கரும்பு, அரிசி என்று நீரை உறிஞ்சும் பயிர்களிலிருந்து வருகிறது. வடித்தெடுக்கும் ஆலைக்கும் தண்ணீர் வேண்டும். கொல்லங்கோட்டுக்குப் பக்கத்துப் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு எதிராக, கிணற்று நீருக்காக 2002இல் பழங்குடி மக்கள் போராட்டம் தொடங்கி, 2004இல் அந்த ஆலை நின்றது. 2025இல் இதே மாவட்டத்து எலப்புள்ளியில் எத்தனாலும் மதுவும் தயாரிக்கும் ஆலைக்கு அரசு முதற்கட்ட அனுமதி தந்தபோது எழுந்த எதிர்ப்புக்கும் நிலத்தடி நீர்தான் காரணம். மழை குறைந்த இந்தக் கிழக்குப் பாலக்காட்டில், குடிநீரோடு போட்டியிடும் எரிபொருளை மாற்று என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சி.என்.ஜி.யின் கதை வேறு. கொச்சியிலிருந்து மங்களூருக்குப் போகும் எரிவாயுக் குழாய் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் நிரப்ப பங்க் தேடிப் போக வேண்டும். பல கார்களில் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். முதலமடை மாம்பழப் பெட்டி நாலு ஏற்ற நினைப்பவருக்கு அந்த இடம் முக்கியம். ஹைட்ரஜன் காரை வாங்கினாலும் இங்கே நிரப்ப வழியில்லை.

மின்காருக்கு எதிரான கேள்விகளும் நியாயமானவையே. பக்கத்து நெல்லியாம்பதி மலை ஏறுமா? ஒன்றரை டன் கார் தொள்ளாயிரம் மீட்டர் ஏற, வழக்கமான ஓட்டச் செலவுக்கு மேல் நாலைந்து யூனிட் போதும். 30 யூனிட் பேட்டரிக்கு அது பாரமல்ல. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகி, அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது என்பது இன்னும் வலுவான கேள்வி. கேரளம் பெரும்பங்கு மின்சாரத்தை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் சுற்றுச்சூழலுக்குக் கிடைக்கும் லாபம் பெரிதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடுக்கியின் நீர்மின்சாரமும் கூரைமேல் சோலாரும் கூடக்கூட அதே கார் தூய்மையாகிக்கொண்டே போகும். பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. 2024 மே தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியதை நினைத்தால், மாலை ஆறு முதல் பத்து வரை வண்டியைச் சார்ஜில் போடாமல் இருப்பது நம் பொறுப்பு.

மின்காரின் விலை இன்னும் கூடுதல்தான். பல நிறுவனங்கள் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. தினமும் ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டுபவருக்கு மிச்சமாகும் எரிபொருள் காசு அதற்குள் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும். மாதத்துக்கு இரண்டு முறை வண்டியை வெளியே எடுப்பவருக்கு ஈடுகட்டாது. சொந்தமாக பிளக் வைக்க முடியாத வாடகை வீட்டுக்காரரும், இரவும் பகலும் நெடுந்தூரம் போகும் டாக்ஸிக்காரரும் இப்போதைக்குப் பொறுத்திருப்பது நல்லது. அவர்களுக்காக மின்வாரியமும் பஞ்சாயத்தும் சேர்ந்து கொல்லங்கோடு, நென்மாறை, கோவிந்தாபுரம் மூன்று இடங்களிலும் பழுதின்றி இயங்கும் வேக சார்ஜர்களை உறுதிசெய்ய வேண்டும். மின்கம்பத்தில் மாட்டிய மெதுவான சார்ஜர் ஆட்டோவுக்குச் சரி. காரை நிரப்ப அதற்கு ஓர் இரவே ஆகிவிடும்.