தோரண வாயில் இருக்கிறது, மேடை எங்கே?



தைப்பூசத்தன்று பத்துமலையில் உறுமி அடிக்கும் பையனைச் சுற்றிக் கூட்டம் கூடி நின்று ரசிக்கிறோம். மறுவாரம் அதே பையன் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே பயிற்சி செய்தால், "குண்டர் கூட்டம்" என்று முகம் சுளிக்கிறோம். அப்படி ஒரு பையனின் தாய் என் அலுவலகத்திற்கு வந்தார். மகன் மீது யாரோ போலீசில் புகார் கொடுத்துவிட்டார்கள். "வேற எங்க சார் போயி அடிப்பான்?" என்று கேட்டார். சட்டம் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

தோட்டத்தில் இருந்தபோது நமக்கு ஒரு திடல் இருந்தது. கோயில் திருவிழா என்றால் அங்கே நாடகம், கரகம், காமன் கூத்து. தோட்டங்கள் மேம்பாட்டுக்காரர்கள் கைக்குப் போயின. நாம் பிளாட்டுகளுக்கு வந்தோம். திடல் நம்மோடு வரவில்லை.

தலைநகரில் கலைக்கூடமே இல்லையா? இருக்கிறது. ஜாலான் துன் ரசாக்கில் 1999-இல் திறக்கப்பட்ட இஸ்தானா புடாயாவைப் பாருங்கள். செலவு சுமார் 210 மில்லியன் வெள்ளி. கூரை வாவ் புலான் பட்டத்தின் வடிவம். உள்ளே மலாய் வீட்டின் அமைப்பு: முன்கூடம் திண்ணை போல, அரங்கம் நடுவீடு போல, மேடையும் ஒத்திகைக் கூடமும் அடுப்படி போல. 1,400 பேருக்கு மேல் உட்காரலாம். அழகான கட்டடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் உங்கள் வரிப்பணமும் இருக்கிறது.

1971-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. தேசியப் பண்பாட்டின் அடிப்படை இவ்வட்டாரத்துப் பூர்வீக மக்களின் பண்பாடு. மற்றப் பண்பாடுகளில் 'பொருத்தமான' கூறுகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இஸ்லாம் அதில் முக்கிய அங்கம். இதுவே அங்கு வகுத்த கொள்கை. எது பொருத்தம் என்று முடிவு செய்வது யார்? உங்களை யாராவது கேட்டார்களா?

நமக்குக் கிடைத்தது என்ன? 2010-இல் பிரிக்ஃபீல்ட்ஸில் 'லிட்டில் இந்தியா' திறந்தார்கள். வளைவுகள், விளக்குகள், யானை நீரூற்று. 2015-இல் தோரண வாயில் வந்தது. அதுவும் இந்திய அரசின் அன்பளிப்பு! படம் பிடிக்க நன்றாக இருக்கிறது. அதில் ஏறி நாடகம் போட முடியுமா?

அதே பிரிக்ஃபீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கியது. நடனம், வாய்ப்பாட்டு, இசைக்கருவிகள் கற்றுத் தருகிறார்கள். சொந்த அரங்கம் உண்டு; அன்னலட்சுமி உணவகமும் உண்டு. தொண்டர்கள் உழைப்பில் வளர்ந்தது. 1983-இல் ரம்லி இப்ராஹிம் என்ற மலாய்க் கலைஞர் தொடங்கிய சூத்ரா, பரதமும் ஒடிசியும் ஆடி உலகையே சுற்றி வந்தது. கலைக்கு இனமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் இவை பெரும்பாலும் செவ்வியல் கலைக்கானவை. உறுமிக்கும் தோட்டத்துப் பாட்டுக்கும் எந்தக் கூரை? தொண்டர்களின் தோளில் அரசு தன் கடமையை ஏற்றிவைக்கலாமா?

சிங்கப்பூரைப் பாருங்கள். 2015-இல் அங்கே லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. நான்கு மாடி. நடத்துவது அரசின் தேசிய மரபுடைமைக் கழகம். பாலம் தாண்டினால் முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?

சட்டம் தடுக்கிறதா? இல்லை! தேசிய மொழியைப் பற்றிப் பேசும் அரசியலமைப்பின் 152-ஆவது விதியே, மற்றச் சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் கல்வியையும் பேணிக் காக்கக் கூட்டரசுக்கும் மாநில அரசுக்கும் உள்ள உரிமை பாதிக்கப்படாது என்கிறது. நம் நாடகமும் பாட்டும் தமிழில்தானே வாழ்கின்றன? தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி, மாநில அரசு பொது நோக்கத்திற்காக நிலத்தை ஒதுக்கி அரசிதழில் அறிவிக்கலாம். தடையாக இருப்பது சட்டமல்ல, மனம்!

நம் மீதும் தவறு உண்டு. கல்யாணத்திற்கு வாடகைக்கு விடும் கோயில் மண்டபத்தை வாரம் ஒரு மாலை பிள்ளைகளுக்குத் திறந்துவிடத் தயங்குகிறோம். 2006-இல் 140 அடி முருகனை எழுப்பிய சமூகம் நாம். அவன் காலடியில் பிள்ளைகள் பழக ஓர் இடம் கேட்க ஏன் கூச்சம்?

தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டையோடு வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "கோம்பாக்கிலும் கிள்ளானிலும் மக்கள் கலை மண்டபத்திற்கு அரசிதழில் பதிந்த நிலம் எங்கே?" வாய்மொழி வாக்குறுதி வேண்டாம். அரசிதழ் எண்ணைக் கேளுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்து மகஜர் கொடுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்.

அந்தத் தாய்க்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை. சிந்திப்பீர்! செயல்படுவீர்!